படகு எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விட்டதா? சாவியைத் தொடுவதற்கு முன் படியுங்கள்

என் படகின் டீசல் எஞ்சினுக்குள் கடல்நீர் புகுந்த அன்று எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் செல்ஃப் அடிப்பதுதான். எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை. விட்டு விட்டு எட்டு முறை அடித்தேன். ஒன்பதாவது முறை 'டக்' என்று ஒரு சத்தம், அப்படியே நின்றுவிட்டது. பேட்டரி இறங்கிவிட்டது என்று நினைத்தேன். தொலைபேசியில் பேசிய மெக்கானிக்கும் அதையே சொல்லி, வேறு பேட்டரி மாட்டி இன்னொரு முறை அடிக்கச் சொன்னார். அடித்தேன். அந்த ஒரு அடியில் இரண்டாவது சிலிண்டரில் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்தது.

சில மாதங்கள் கழித்து நண்பர் ஒருவரின் அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்பக்கம் வெளியே மாட்டுவது) முழுதாகவே தண்ணீரில் மூழ்கியது. வெளியே எடுத்த மூன்று மணி நேரத்துக்குள் வேலையை முடித்தோம். அது இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. என் எஞ்சினுக்குள் போனதைவிட அதற்குள் போன தண்ணீர் அதிகம். அதன் பிறகுதான் இதை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

இது புதிதாகப் படகு வாங்கியவர்களுக்காக. படகுக்குள்ளேயே பொருத்தியிருக்கும் டீசல் இன்போர்டு, பெட்ரோல் அவுட்போர்டு இரண்டையும் சொல்கிறேன். எது உங்களுடையதோ அந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

1. செல்ஃப் அடிக்காதீர்கள், கயிறும் இழுக்காதீர்கள்

காற்றை அழுத்தினால் சுருங்கும், தண்ணீர் சுருங்காது. பிஸ்டன் மேலே வரும்போது அங்கே தண்ணீர் நின்றால், ராடு வளையும், அல்லது சிலிண்டர் மூடிக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போகும், அல்லது எஞ்சின் அப்படியே நிற்கும். இதைத்தான் ஹைட்ராலிக் லாக் என்கிறார்கள்.

எவ்வளவு தண்ணீர் போதும் தெரியுமா? 500 சிசி சிலிண்டர், 20:1 அழுத்த விகிதம் உள்ள டீசல் எஞ்சின் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சியிருக்கும் இடம் சுமார் 26 மில்லி லிட்டர்தான். மருந்து பாட்டில் மூடியில் இரண்டு மூன்று மூடி. அதே அளவு சிலிண்டர் 9:1 விகிதப் பெட்ரோல் எஞ்சினில் இருந்தால் சுமார் 62 மில்லி. பெட்ரோல் எஞ்சின் கொஞ்சம் தாங்கும் என்று சொல்வதற்குக் காரணம் இவ்வளவுதான். அதை நம்பிச் சாவியைத் திருப்பக் கூடாது.

'டக்' சத்தம் கேட்டு நின்ற எஞ்சினை, தண்ணீர் இல்லை என்று உறுதியாகும்வரை மறுபடி முயலவே வேண்டாம். லேசாக வளைந்த ராடோடும் எஞ்சின் ஓடும். பல மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு, ஒரு நாள் ராடு முறிந்து பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். உதவிக்கு வருகிற யாராவது ஆர்வத்தில் திருப்பிவிடுவார்கள்.

2. மனிதர்களுக்கு ஆபத்து இல்லை என்று உறுதி செய்யுங்கள்

எஞ்சினுக்கு முன் ஆள். பெட்ரோல் படகாக இருந்தால் முதலில் மூக்கைப் பயன்படுத்துங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் போய்த் தேங்கும். வாசனை இருக்கும்வரை எந்த ஸ்விட்சையும் போடாதீர்கள், படகின் அடியில் (பில்ஜ்) சேரும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் உட்பட. மூடிகளையெல்லாம் திறந்து காற்றோட விடுங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றுவதும் அதற்கு அப்புறம்தான். கழற்றும்போது வருகிற ஒரு பொறி போதும், அவ்வளவும் பற்றிக்கொள்ள.

பேட்டரி மூழ்கியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ஆசிட் பேட்டரிக்குள் கடல்நீர் போனால் குளோரின் வாயு வரலாம். மூடிய அறைக்குள் தலையை நீட்டிப் பார்க்கக் கூடாது. லித்தியம் பேட்டரி என்றால் கரையில், திறந்த வெளியில், மற்ற பொருட்களிலிருந்து தள்ளி வையுங்கள். உப்புத் தண்ணீரில் நனைந்த லித்தியம் பேட்டரி பல நாள் கழித்தும் தீப்பிடிக்கக் கூடும்.

எஞ்சினைக் குளிர்விக்க வெளியிலிருந்து தண்ணீர் வரும் கடல்நீர் வால்வை மூடுங்கள். எரிபொருள் வால்வையும் மூடுங்கள்.

3. கை வைப்பதற்கு முன் படம் எடுங்கள்

இதைச் செய்யாததால் நான் இரண்டு மாதம் அலைந்தேன். காப்பீட்டு நிறுவனம் கேட்ட முதல் கேள்வியே, "தண்ணீர் உள்ளே இருந்ததற்கு என்ன ஆதாரம்?" என்பதுதான். நான் அதற்குள் ஆயிலை மாற்றிப் பழையதைக் கொட்டிவிட்டேன்.

பத்து நிமிடம்தான் ஆகும். எடுக்க வேண்டியவை:

- தண்ணீர் எந்த மட்டம்வரை ஏறியது என்று காட்டும் கோடு, எஞ்சினோடு சேர்த்து.
- ஆயில் குச்சி. மட்டமும் நிறமும் தெரிய வேண்டும்.
- எஞ்சினின் வரிசை எண் தகடு, ஓடிய மணி காட்டும் மீட்டர்.
- தண்ணீர் வந்த வழி தெரிந்தால் அந்த இடம்: கிழிந்த குழாய், அரித்த எல்போ (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் வளைந்த குழாய்), உடைந்த வால்வு.

அப்புறம் வடிக்கும் முதல் ஆயிலில் கொஞ்சத்தைச் சுத்தமான பாட்டிலில் பிடித்துத் தேதியும் நேரமும் எழுதி வையுங்கள். கழற்றிய எதையும் தூக்கி எறிய வேண்டாம். வளைந்த ராடு, துருப்பிடித்த பேரிங், பழைய ஃபில்டர் எல்லாம் ஒரு பெட்டியில் இருக்கட்டும்.

காப்பீடு இருந்தால் அன்றே தகவல் சொல்லுங்கள். சொன்ன நேரத்தையும், பேசியவர் சொன்னதையும் குறித்து வையுங்கள், முடிந்தால் எழுத்திலும் அனுப்புங்கள். "ஆய்வாளர் வந்து பார்க்கும்வரை தொடக் கூடாதோ?" என்று பலர் பயந்து எஞ்சினை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அது தப்பு. நட்டம் பெருகாமல் பார்த்துக்கொள்வது படகுக்காரரின் கடமை என்பது கடல் காப்பீட்டில் பொதுவான விதி. தண்ணீரை வடிப்பதும் ஆயிலை மாற்றுவதும் அந்தக் கடமைக்குள் வரும். எஞ்சினைப் பிரித்துப் போடுவது வராது, அதற்கு அவர்கள் சம்மதம் வாங்குங்கள்.

இன்னொரு கண்ணி. பெரும்பாலான பாலிசிகளில் திடீர் விபத்துக்குத்தான் பணம் வரும். மெதுவாக அரித்துப் போனதற்கு வராது. அதனால் தண்ணீர் புகுந்த காரணத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் "எல்போ அரித்துவிட்டது போல" என்று ஊகத்தில் எழுதிக் கொடுக்காதீர்கள். தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்.

எஞ்சினுக்கு வாரண்டி இன்னும் இருந்தால், எஞ்சின் நிறுவனம் அங்கீகரித்த மெக்கானிக் வராமல் எந்தப் பாகத்தையும் பிரிக்காதீர்கள். மூழ்கியதற்கு வாரண்டி பொதுவாக உதவாது. ஆனால் பின்னால் வேறு கோளாறு வந்தால் அதையும் இதோடு சேர்த்துவிடுவார்கள்.

4. என்ன தண்ணீர், எதுவரை போயிருக்கிறது

ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். மட்டம் வழக்கத்தைவிட ஏறியிருந்தால் சம்புக்குள் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) தண்ணீர் இருக்கிறது. ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருந்தால், தண்ணீர் புகுந்த பிறகும் எஞ்சின் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். நிறம் சரியாக இருந்து மட்டம் மட்டும் ஏறியிருந்தால் நல்ல செய்தி. தண்ணீர் அடியில் தனியாக நிற்கிறது, ஆயிலோடு இன்னும் கலக்கவில்லை.

கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) தொட்டியையும் பாருங்கள். அதன் மட்டம் குறைந்து ஆயிலில் அதே சாயம் தெரிந்தால், உள்ளே போனது கடல்நீர் அல்ல, எஞ்சினின் சொந்தக் கூலன்ட். அப்படியானால் ஹெட் கேஸ்கெட்டையோ ஆயில் கூலரையோ சந்தேகிக்க வேண்டும். கழுவிக் கழுவி ஊற்றினாலும் அது தீராது.

இரண்டு சூழ்நிலைகளில் நீங்களே எதுவும் முயல வேண்டாம். ஒன்று, ஓடிக்கொண்டிருந்தபோதே எஞ்சின் மூழ்கியது. அதில் ராடு வளைந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். இரண்டு, தண்ணீரோடு மணலோ சேறோ உள்ளே போயிருக்கிறது. சுற்றினால் சிலிண்டர் சுவரெல்லாம் கீறிவிடும். இரண்டுக்கும் பிரித்துப் பார்ப்பதுதான் வழி.

5. நேரக் கணக்கு: காற்று பட்ட நிமிடத்திலிருந்து

எனக்கு மிகவும் தாமதமாகத் தெரிந்த விஷயம் இது. தண்ணீருக்குள் இருக்கும் எஞ்சின் மெதுவாகத்தான் துருப்பிடிக்கும், ஏனென்றால் அங்கே ஆக்சிஜன் குறைவு. வெளியே தூக்கியதும் உப்பு, ஈரம், காற்று மூன்றும் சேர்கின்றன. கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. பேரிங்குகளும் சிலிண்டர் சுவரும் சில மணி நேரத்திலேயே சிவக்க ஆரம்பிக்கும்.

ஆகவே படகு மூழ்கியிருந்தால், கருவிகளும் ஆயிலும் ஆளும் தயாரான பிறகு எஞ்சினை வெளியே எடுங்கள். இரவில் அவசரமாகத் தூக்கிக் கரையில் போட்டுவிட்டு "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று போனால், காலையில் பார்ப்பதற்கு அதிகம் மிச்சமிருக்காது.

என் கணக்கு இது. வெளியே வந்த முதல் ஒரு மணி நேரத்தில் நல்ல தண்ணீரில் கழுவி, சிலிண்டரைக் காலி செய்ய வேண்டும். மூன்று நான்கு மணி நேரத்துக்குள் ஆயில் முதல் சுற்று முடிய வேண்டும். அன்றே எஞ்சின் ஓட வேண்டும். ஒரு நாள் தாண்டிவிட்டால் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டியிருக்கும் என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

அன்றே முடியாது என்றால் இரண்டு வழிகள் உண்டு. சிறிய அவுட்போர்டு என்றால் ஒரு பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பி அதில் முழுதாக மூழ்க வைத்துவிடுங்கள். கேட்கும்போது விநோதமாக இருக்கும், ஆனால் காற்றை விட அது பாதுகாப்பு. இன்போர்டு என்றால் தண்ணீரை வடித்துவிட்டு, சிலிண்டர்களிலும் சம்பிலும் டீசலோ ஆயிலோ நிறைய ஊற்றிக் கையால் சுற்றி வையுங்கள். எஞ்சினுக்கு அது கெடு நீட்டிப்பு மாதிரி, சில நாள் கிடைக்கும்.

6. டீசல் இன்போர்டு: சிலிண்டரைக் காலி செய்வது

தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியாக வந்திருந்தால் முதலில் சைலன்சர் பெட்டியின் அடியில் உள்ள பிளக்கைக் கழற்றி அதைக் காலி செய்யுங்கள். இல்லையென்றால் நீங்கள் எடுக்க எடுக்க அங்கிருந்து வந்துகொண்டே இருக்கும்.

அப்புறம் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்ற வேண்டும். கழற்றும் முன் எந்தக் குழாய் எதற்கு என்று குறித்து வையுங்கள். திறந்த குழாய் முனைகளைச் சுத்தமான பிளாஸ்டிக்கால் கட்டிவிடுங்கள், ஒரு தூசிகூட உள்ளே போகக் கூடாது. இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செப்பு வாஷரைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள், புதிதாக வாங்கி வையுங்கள். இன்ஜெக்டர் அசையவே மறுத்தால் குளோ பிளக்கைக் கழற்றினாலும் தண்ணீர் வெளியேற வழி கிடைக்கும்.

இப்போது கிராங்க் புல்லியின் நட்டில் ஸ்பானரை மாட்டி, எஞ்சின் வழக்கமாகச் சுற்றும் திசையிலேயே மெதுவாகச் சுற்றுங்கள். முழுதாக இரண்டு சுற்று. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் எல்லாச் சிலிண்டரும் ஒருமுறை அழுத்தும் நிலைக்கு வந்து போக இரண்டு சுற்று வேண்டும். ஓட்டைகளின் மேல் ஒரு துணியைப் போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

என் எஞ்சினில் இதைச் செய்தபோது ஒன்றாம் ஓட்டையிலிருந்து வெறும் காற்று 'புஸ்' என்று வந்தது. அரைச் சுற்று போனதும் ஸ்பானர் கொஞ்சம் கனத்தது. நிறுத்தினேன். இரண்டாம் ஓட்டையில் தண்ணீர் மெல்ல ஏறி, விளிம்பில் இருந்த கரியைக் கரைத்துக்கொண்டு சாம்பல் நிறத்தில் வழிந்து வெள்ளைத் துணியில் படர்ந்தது. இரண்டு கையளவு இருக்கும். இந்தத் தண்ணீரைத்தான் நான் மறுபடி மறுபடி நசுக்கப் பார்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

ஸ்பானர் நகரவே இல்லை என்றால் அதில் குழாயை மாட்டி நெம்பாதீர்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் டீசல் ஊற்றி ஊற விட்டு, ஒரு மணி நேரம் கழித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மிக லேசாக அசைத்துப் பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால் மெக்கானிக் வரட்டும்.

தண்ணீர் வருவது நின்றதும் ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு மூன்று தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, மறுபடி கையால் சுற்றுங்கள். இன்ஜெக்டர்களை உடனே திரும்ப மாட்டிவிட வேண்டாம். அடுத்த வேலைக்கு ஓட்டைகள் திறந்தே இருக்க வேண்டும்.

ஏர் ஃபில்டர், இன்டேக் குழாய், டர்போ இருந்தால் அதன் உட்புறம், எல்லாவற்றிலும் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். அங்கே நிற்கும் தண்ணீர் முதல் ஸ்டார்ட்டில் நேராக உள்ளே போகும்.

7. பெட்ரோல் அவுட்போர்டு

மேல் மூடியைக் கழற்றி, நல்ல தண்ணீரால் உப்பு போகும்வரை கழுவுங்கள். ஹோஸ் தண்ணீர் போதும். அழுத்தப் பம்ப் வேண்டாம், அது கனெக்டர்களுக்குள் தண்ணீரை ஏற்றிவிடும்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றுங்கள். கழற்றியதும் பிளக் ஒயர்களை எஞ்சின் உலோகத்தோடு சேர்த்து எர்த் செய்யுங்கள், பாதுகாப்புக் கயிற்று ஸ்விட்சையும் எடுத்துவிடுங்கள். ஓட்டையிலிருந்து பெட்ரோல் தெறிக்கும்போது பக்கத்தில் ஒயர் பொறி விட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பொறி போக வழியில்லாமல் சுற்றினால் இக்னிஷன் காயிலும் கெடும்.

எஞ்சினைப் படுக்க வைத்து, பிளக் ஓட்டைகள் கீழ் நோக்கி இருக்குமாறு திருப்பி, ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். கயிறு இழுப்பது அப்புறம். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தனி ஆயில் சம்ப் கிடையாது, தண்ணீர் கிராங்க் கேஸிலேயே தங்கும். அங்கே உள்ள ஊசி பேரிங்குகள்தான் முதலில் துருப்பிடிக்கும். அதனால் எஞ்சினைப் பல கோணங்களில் சாய்த்துச் சாய்த்து வடியுங்கள். கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தைத் திறந்து காலி செய்யுங்கள்.

அடுத்து ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் கார்புரேட்டர் வாயிலும் கொஞ்சம் மெத்திலேட்டட் ஸ்பிரிட் அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றிச் சுற்றி வடியுங்கள். அது மிச்சத் தண்ணீரைத் தன்னோடு கலந்து இழுத்துக்கொண்டு வரும். எளிதில் தீப்பற்றும், எனவே திறந்த வெளியில் செய்யுங்கள். அது வடிந்த பிறகு இரண்டு ஸ்ட்ரோக் ஆயிலைத் தாராளமாக ஊற்றிச் சுற்றுங்கள். இந்த ஆயில் படலம்தான் உங்களுக்கு அன்றைய பொழுதைக் காப்பாற்றிக் கொடுக்கும்.

நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டுக்கு சிலிண்டர் வேலை இதேதான், கூடவே கீழே சொல்லும் ஆயில் வேலையும் உண்டு. படுக்க வைக்கும்போது எந்தப் பக்கம் கீழே இருக்கலாம் என்று அதன் கையேட்டில் பாருங்கள். தப்பான பக்கம் படுக்க வைத்தால் ஆயில் சிலிண்டருக்குள் ஓடும்.

8. ஆயில் மாற்றுவது: ஒருமுறை போதாது

புதியவர்கள் அதிகமாகத் தவறுவது இங்கேதான். ஒருமுறை மாற்றிவிட்டு, குச்சியில் நிறம் சரியாக இருக்கிறது என்று படகை எடுத்துப் போய்விடுகிறார்கள். தண்ணீர் கலந்த ஆயில் எஞ்சினின் மூலை முடுக்கெல்லாம் ஒட்டியிருக்கும். அது மெல்ல இறங்கி வரும்.

முதலில் வடிக்கும்போது டிரெயின் பிளக்கை முழுதாகக் கழற்றாமல் லேசாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், அதனால் அடியில் நிற்கும் தண்ணீர்தான் முதலில் வரும். எவ்வளவு வந்தது என்று தனிப் பாத்திரத்தில் பிடித்து அளந்து வையுங்கள். இன்போர்டில் பல நேரம் டிரெயின் பிளக் கைக்கு எட்டாது. ஆயில் குச்சிக் குழாய் வழியாக உறிஞ்சும் பம்ப் வைத்து எடுக்க வேண்டும். குழாய் முனை சம்பின் அடியைத் தொடும்வரை விடுங்கள்.

விலை குறைந்த ஆயிலை ஊற்றி, புது ஃபில்டர் மாட்டுங்கள். முதல் சுற்றில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், இன்ஜெக்டரோ பிளக்கோ கழற்றியபடியே சில விநாடிகள் செல்ஃப் அடித்து ஆயிலைச் சுற்ற விடுங்கள். செல்ஃப் மோட்டார் நனைந்திருந்தால் பத்தாவது படியில் சொல்லியிருப்பதை முடித்துவிட்டு வாருங்கள். டீசலில் நிறுத்தும் லீவரை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் குழாய்களிலிருந்து டீசல் பீய்ச்சும். வடியுங்கள். மறுபடி ஊற்றி, இந்த முறை (ஒன்பதாவது, பத்தாவது படிகளும் பதினொன்றில் உள்ள கம்ப்ரஷன் சோதனையும் முடிந்த பிறகு) எல்லாவற்றையும் மாட்டி ஸ்டார்ட் செய்து ஐந்து பத்து நிமிடம் குறைந்த வேகத்தில் ஓட்டி, சூடாக இருக்கும்போதே வடியுங்கள். வெளுப்பு முழுதாகப் போகும்வரை இப்படியே. எனக்கு நான்கு சுற்று ஆனது. ஃபில்டர் காகிதம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எனவே ஒவ்வொரு சுற்றிலும் அதையும் மாற்ற வேண்டும்.

4 லிட்டர் கொள்ளும் எஞ்சினுக்கு 16 லிட்டர் ஆயில், நான்கு ஃபில்டர் என்று முதலிலேயே வாங்கி வையுங்கள். இரண்டாவது சுற்றோடு கடைக்கு ஓட வேண்டியிருந்தால் அந்த இடைவெளியில் ஈரம் தன் வேலையைப் பார்க்கும்.

கியர் பெட்டி ஆயிலையும், அவுட்போர்டின் கீழ்ப்பகுதி கியர் ஆயிலையும் பார்க்க மறக்காதீர்கள். வெளுத்திருந்தால் அதற்கும் இதே கதி.

வடித்த ஆயில் ஒரு சொட்டுகூடத் தண்ணீரில் போகக் கூடாது. பில்ஜில் சிந்தியிருந்தால் துணியால் ஒற்றி எடுத்த பிறகே பம்ப் போடுங்கள். மூடியுள்ள கேன்களில் சேர்த்து, பழைய ஆயில் வாங்குமிடத்தில் கொடுங்கள்.

9. எரிபொருள்

டேங்கிற்குள் தண்ணீர் போயிருந்தால் அடியில்தான் நிற்கும். கண்ணாடி பாட்டிலில் அடியிலிருந்து கொஞ்சம் பிடித்து வைத்தால் சில நிமிடத்தில் இரண்டு அடுக்காகப் பிரிவது தெரியும். எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீரோடு எத்தனாலும் சேர்ந்து கீழே இறங்கிவிடும். மேலே மிஞ்சும் பெட்ரோலும் பழைய தரத்தில் இருக்காது, மொத்தத்தையும் மாற்றுவதே மேல்.

டீசலில் இன்ஜெக்ஷன் பம்பைக் காப்பாற்றுவதுதான் முக்கியம். அதன் உள் பாகங்களுக்கு நடுவே சில மைக்ரான் இடைவெளிதான் உண்டு. அதில் துரு வந்தால் துடைத்தெடுக்க முடியாது. தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் கிண்ணத்தில் தண்ணீர் தெரிந்தால் ஃபில்டர்களை மாற்றி, சுத்தமான டீசலை ஓட விட்டு, ஏர் எடுத்துவிடுங்கள், அதாவது குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றிவிடுங்கள்.

10. மின் பாகங்கள்

நனைந்த கனெக்டர்களைப் பிரித்து நல்ல தண்ணீரால் கழுவி, காற்றடித்து உலர்த்தி, ஈரம் விரட்டும் ஸ்பிரே அடியுங்கள். டபிள்யூடி-40 போன்றவை இதற்குச் சரி. ஆனால் அது ஈரத்தை விரட்டும், நீண்ட நாள் காப்பு தராது. உலர்ந்த பிறகு கனெக்டர் கிரீஸ் தடவுங்கள். செல்ஃப் மோட்டாரையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றிக் கழுவி நன்கு உலர்த்தாமல் மின்சாரம் கொடுக்காதீர்கள். நன்றாக வேலை செய்கிற மாதிரி இருந்து, ஒரு மாதம் கழித்துக் கடலுக்கு நடுவில் நிற்பவை பெரும்பாலும் இவைதான்.

11. முதல் ஸ்டார்ட்டும் அடுத்த பத்து மணி நேரமும்

ஸ்டார்ட் செய்வதற்கு முன் கம்ப்ரஷன் (ஒவ்வொரு சிலிண்டரிலும் உண்டாகும் அழுத்தம்) பார்த்துவிடுங்கள். சிலிண்டர்களுக்கு இடையே வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தால் அந்த ராடு வளைந்திருக்கலாம், ஏனென்றால் வளைந்த ராடு பிஸ்டனை உச்சிவரை தள்ளாது. அப்படியானால் ஓட்ட வேண்டாம்.

குளிர்விக்கும் தண்ணீர் இல்லாமல் எஞ்சினை ஓட்டாதீர்கள். அவுட்போர்டுக்கு ஹோஸ் மாட்டி, குளிர்விக்கும் தண்ணீர் சிறு தாரையாக வெளியே வரும் துளையில் தண்ணீர் வருகிறதா பாருங்கள். ஆயிலைப் பெட்ரோலில் கலந்து ஊற்றும் இரண்டு ஸ்ட்ரோக்கிற்கு முதல் டேங்கில் ஆயிலை இரட்டிப்பாகக் கலங்கள், 50:1 என்றால் 25:1. வெள்ளைப் புகை கொஞ்ச நேரம் வரும், பயப்பட வேண்டாம். ஆயில் வெளுப்பு தீர்ந்த பிறகு, முழுச் சூட்டுக்கு வந்த நிலையில் குறைந்தது அரை மணி நேரம் ஓட விடுங்கள். உள்ளே ஒளிந்திருக்கும் ஈரம் அப்போதுதான் ஆவியாகும். உலோகம் தட்டுகிற சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள்.

பத்து மணி நேரம் ஓடியதும் ஆயிலையும் ஃபில்டரையும் நல்ல தரத்தில் மாற்றுங்கள். அதுவரை கரையை விட்டு அதிக தூரம் போக வேண்டாம்.

12. செலவு எங்கே ஏறுகிறது

உடனே கவனித்தால் ஆயில், ஃபில்டர், வாஷர், ஸ்பிரே, உங்கள் ஒரு நாள் உழைப்பு. அவ்வளவுதான். அடுத்த படி செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர். அதற்கும் மேலே இன்ஜெக்ஷன் பம்பும் இன்ஜெக்டர்களும். எஞ்சினைப் படகிலிருந்து தூக்கி இறக்க வேண்டி வந்தால் அந்தக் கூலியே தனிக் கணக்கு, நான் அதை எதிர்பார்க்கவில்லை.

பட்டறையில் கொடுக்கும்போது மூன்று தொகைகளைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்: பிரித்துப் பார்க்க எவ்வளவு, பாகங்களுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு. பிரித்துப் பார்த்த பிறகு வேலை வேண்டாம் என்று சொன்னால் என்ன கொடுக்க வேண்டும் என்பதையும் கேளுங்கள். மொத்தம் நல்ல நிலையில் உள்ள பழைய எஞ்சின் ஒன்றின் விலையை நெருங்கினால், நான் பழுது பார்க்கச் சொல்ல மாட்டேன். உப்பு ஒருமுறை ஊறிய பிளாக்கில் அடுத்து எது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

13. தண்ணீர் வந்த வழியை அடைக்காமல் கடலுக்குப் போகாதீர்கள்

மூழ்கிய எஞ்சினுக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியும். மிதந்துகொண்டிருந்த படகின் எஞ்சினுக்குள் தண்ணீர் எப்படிப் போனது என்பதுதான் பலருக்குப் புரிவதில்லை.

என் படகில் நடந்தது இது. குளிர்விக்கும் கடல்நீர் எக்ஸாஸ்ட் குழாயில்தான் விடப்படுகிறது. எஞ்சின் ஓடும்போது புகையின் அழுத்தம் அதை வெளியே தள்ளிவிடும். ஸ்டார்ட் ஆகாமல் செல்ஃப் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தால் பம்ப் தண்ணீரை அனுப்பிக்கொண்டே இருக்கும், தள்ளுவதற்குப் புகை இருக்காது. சைலன்சர் நிரம்பி, தண்ணீர் பின்னோக்கி ஏறி, திறந்திருக்கும் எக்ஸாஸ்ட் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். என் எஞ்சின் முதலில் ஸ்டார்ட் ஆகாததற்குக் காரணம் டீசலில் காற்று. அதற்கு ஏர் எடுத்திருந்தால் போதும்.

மற்ற வழிகள்: சைஃபன் தடுக்கும் வால்வு (எஞ்சின் நின்ற பிறகு கடல்நீர் தானாக உள்ளே இழுபடாமல் தடுப்பது) உப்பு படிந்து அடைத்துக்கொள்வது, அரித்த எக்ஸாஸ்ட் எல்போ, படகை வேகமாக இழுத்துச் செல்லும்போது பின்பக்கக் குழாய் வழியாகத் தண்ணீர் ஏறுவது. சைஃபன் வால்வைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவ ஐந்து நிமிடம்தான். எல்போவைக் கழற்றி உள்ளே விளக்கடித்துப் பாருங்கள், ஸ்க்ரூடிரைவர் முனை குத்தினால் உள்ளே போகிறது என்றால் மாற்றுங்கள். இழுத்துப் போகும்போது கடல்நீர் வால்வை மூடி, எக்ஸாஸ்ட் வாயையும் அடைத்துவிடுங்கள். அடைப்பை எடுக்காமல் யாரும் ஸ்டார்ட் செய்யாதபடி சாவியில் ஒரு சீட்டையும் கட்டுங்கள்.

இப்போது என் படகில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். இரண்டு முறை செல்ஃப் அடித்தும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் மூன்றாவது முறைக்கு முன் கடல்நீர் வால்வை மூடிவிடுவேன். மூடியதும் சாவியில் ஒரு சிவப்பு அட்டையைத் தொங்க விடுவேன். எஞ்சின் ஓட ஆரம்பித்த நொடியே வால்வைத் திறக்க வேண்டும், ஏனென்றால் பம்பின் ரப்பர் இம்பெல்லர் தண்ணீரில்லாமல் ஒரு நிமிடம்கூடத் தாங்காமல் போகலாம். வால்வைத் திறந்து, பின்பக்கம் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்த பிறகுதான் அட்டையைக் கழற்றுகிறேன்.